தண்ணீர் கேட்கிறவர்கள்

உடையப்பன் பால் நிலையத்தின் வாசலுக்கே வந்துவிட்டார். முதல் லாரியின் பால் இறங்கி முடிந்து, டோனி லாக்டோமீட்டரைக் கழுவிக்கொண்டிருந்த நேரம். வாட்ச்மேன் வந்து, "யாரோ பட்டாளத்துக்காரர், உங்களத்தான் கேக்குறாரு" என்றார். வெளியே ஸ்கூட்டரை நேராக நிறுத்தி, அதன் பக்கத்தில் தானும் அதேபோல நேராக நின்றிருந்தார் ஒருவர். அறுபத்தைந்து வயதிருக்கும். மீசை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"அனிஷா வீட்டுக்காரர் நீங்கதான?"

"ஆமாங்க."

அவர் ஒரு கடிதத்தை நீட்டினார். 'அன்புச் சகோதரி அவர்களுக்கு' என்று அச்சடித்திருந்தது. 'சகோதரி'யைப் பேனாவால் அடித்து 'சகோதரர்' என்று எழுதியிருந்தார்கள்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. இத்தனை வருசத்துல ஒரு ஆம்பளைக்குக் குடுக்குறது இதுதான் மொத தடவை. வழக்கமா ஒரு சேலையும் தையல் மிஷினும் சேத்துக் குடுப்போம். சேலைக்குப் பதிலா வேட்டின்னு கமிட்டில பேசி முடிச்சாச்சு. தையல் மிஷினுக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல."

சிரிக்க வேண்டிய இடம் அது என்று டோனிக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. உடையப்பனும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

திண்டுக்கல்லில் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்கள் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை அது. மாதம் ஒரு நாள் பென்ஷனை ஒவ்வொருவரும் போடுகிறார்கள். காய்கறி மண்டிக்காரர்கள் சிலரும் போடுகிறார்கள். பணியில் இறந்து போனவர்களின் பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும் வரை மாதாமாதம் உதவித்தொகை, பள்ளிச் செலவு. அரசாங்கம் தர வேண்டியதை எப்படியும் தரும். ஆனால் அனிஷாவின் காகிதங்கள் எந்த ஊரில் எந்த மேசையில் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. ராணுவப் போலீஸில் நாயக் பதவியில் இருந்தவள். நவம்பரில் மலைப்பாதையில் வண்டி உருண்டது. மூன்று பேர் போனார்கள். அவள் ஒருத்தி.

"ஒரு விசயம்" என்றார் உடையப்பன். "எங்களுக்கு ரெண்டு மனு வந்திருக்கு. ஒண்ணு, ரெஜிமெண்ட்லருந்து உங்க பேரு. இன்னொண்ணு, உங்க மாமியார் இஞ்ஞாசியம்மாள்."

டோனிக்கு அது தெரியாது.

"புள்ளை தன்கிட்ட இருக்கு, அப்பா பாக்குறதில்லைன்னு எழுதியிருக்காங்க. உண்மையா பொய்யான்னு நான் கேக்கல. நாங்க நேர்ல வந்து பாப்போம். புள்ளை எங்க தூங்குதோ அங்கதான் பணம். அதுதான் எங்க வழக்கம். என்னைக்கு வருவோம்னு சொல்ல மாட்டோம்."

"சரிங்க."

ஸ்கூட்டரில் ஏறியவர் மறுபடி இறங்கினார். "இன்னொண்ணும் சொல்லிர்றேன். நாங்க பணத்தை மட்டும்தான் சொல்லுவோம். ஆனா நாங்க ஒருத்தர் பேரை எழுதிட்டா, அப்புறம் ஊரு, கோயிலு, சொந்தம் எல்லாம் புள்ளையும் அவங்களுக்குத்தான்னு பேசும். அப்படித்தான் நடந்துக்கிட்டு இருக்கு. யோசிச்சுக்கங்க."

அப்பா பாக்குறதில்லை. டோனி அந்த வார்த்தைகளோடு உள்ளே போய், அடுத்த லாரியின் பாலில் கொழுப்பு பார்த்தான். எழுதிவைத்த எண்ணைத் திரும்பப் பார்த்தபோது தப்பாக இருந்தது. ஏழு மாதத்தில் அவன் செய்த முதல் தப்பு அது. அனிஷாவை அடக்கம் செய்த மறுநாள்கூட எண்கள் சரியாக இருந்தன.

டேங்கர் ஓட்டும் சடையாண்டிக்கு அந்த அறக்கட்டளையைத் தெரியும். அவன் கொழுந்தியாளுக்கு அவர்கள் உதவி செய்கிறார்கள்.

"அவங்க வந்தா அலமாரிய எல்லாம் தொறந்து பாக்க மாட்டாங்க மாப்ளே. உக்காந்து ரெண்டு வார்த்தை பேசுவாங்க. அப்புறம் புள்ளையப் பாத்து, 'தாயி, குடிக்கத் தண்ணி கொண்டா'ன்னு கேப்பாங்க. அம்புட்டுத்தான். அந்த வீட்ல இருக்கிற புள்ளைன்னா நேரா பானைக்குப் போயிரும். காசுக்காகக் கூட்டியாந்த புள்ளை ஆளு மூஞ்சி மூஞ்சியாப் பாக்கும்."

"செலினுக்கு மூணு வயசுதான்."

"மூணு வயசுக்குச் சொம்பு தெரியாதா? பழக்கி விடுடா." பீடியைக் காலால் நசுக்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டான்: "பொண்டாட்டி சம்பளத்துல சாப்ட்டவன் நெறையப் பேரு இருக்கான். பொண்டாட்டி பட்டாளத்துக் காசுல வேட்டி கட்டப் போறவன் நீ ஒருத்தன்தான்."

அதில் கெட்ட எண்ணம் இல்லை. சடையாண்டி எல்லாரிடமும் அப்படித்தான் பேசுவான்.

செலின் பிறந்ததிலிருந்து வளர்ந்தது இஞ்ஞாசியம்மாளிடம்தான். பேறுகால விடுப்பு முடிந்ததும் அனிஷா பிள்ளையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வடக்கே போனாள். டோனிக்கு விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். டவுனில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அனிஷா லீவில் வரும்போது மட்டும் மூன்று பேரும் நாகல் நகர் மாடி வீட்டில் ஒன்றாக இருப்பார்கள். லீவு முடிந்ததும் வீடு பழையபடி அவன் ஒருவனுக்கான வீடாகிவிடும். அவள் இருந்தவரை ஞாயிறு தவறாமல் பிள்ளையைப் பார்க்கப் போனான். அவள் போன பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. பிறகு மாதம் ஒருமுறை. போனால் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிஸ்கட் வாங்கிப் போவான், கொடுப்பான், உட்கார்ந்திருப்பான், வந்துவிடுவான்.

மறுநாள் மத்தியானம் நத்தம் ரோட்டில் பைக்கை விட்டான். சாணார்பட்டி தாண்டி உள்ளே திரும்பினால் இஞ்ஞாசியம்மாளின் ஊர். முக்கால் ஏக்கர் சம்பங்கி. புருசன் இல்லை. விடியும் முன் பூவெடுத்து, டி.வி.எஸ்.ஸில் கட்டிக்கொண்டு, தானே திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போகிறவள். நாற்பத்தெட்டு வயது. போர்வெல் ஆழப்படுத்தியதும் சொட்டுநீர்க் குழாய் போட்டதும் அனிஷாவின் சம்பளத்தில். அந்தச் சம்பளம் நின்ற பிறகு குழாய்கள் அடைத்தால் அடைத்தபடியே கிடந்தன.

"வாங்க மாப்ளே" என்றாள். சாப்பிட்டீகளா என்று கேட்கவில்லை.

"செலினை நான் கூட்டிட்டுப் போறேன் அத்தை."

அவள் வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "பட்டாளத்துக்காரவுக வந்தாகளா?"

"வந்தாங்க."

"ம். அதான் பாத்தேன். பணம்னதும் புள்ளை நெனப்பு வந்திருச்சு."

"பணத்துக்காக இல்ல."

"அப்ப எதுக்கு?"

மார்க்கெட்டில் வியாபாரியிடம் பேசுகிற அதே குரலில் அவள் சொன்னாள்: "ஏழு மாசம் மாப்ளே. இந்தப் புள்ளைக்கு ரெண்டு தடவை காய்ச்சல். ஒரு தடவை காதுல பூச்சி பூந்து ராத்திரி பூரா கத்துச்சு. நீங்க ஒரு ராத்திரி இங்க தங்குனீகளா? எம் மக செத்துப் போனா. எனக்கும்தான் செத்துப் போனா. நான் பூவெடுக்காம இருந்தேனா?"

"எழுதிக் குடுத்ததைச் சொன்னாங்க."

"நான் எழுதல. மாதா கோயில் உபதேசியார் எழுதுனாரு." நாரை உதறினாள். "படிச்சுக் காமிச்சாரு. வேண்டாம்னு நான் சொல்லல."

செலின் பின்பக்கத்திலிருந்து வந்தாள். காலெல்லாம் சேறு. அவனைப் பார்த்ததும் பிஸ்கட்டுக்காகக் கையைப் பார்த்தாள். கை காலியாக இருந்தது. இன்றைக்கு வாங்க மறந்திருந்தான்.

இஞ்ஞாசியம்மாள் பிள்ளையின் காலைக் கழுவினாள். இரண்டு கவுனை மடித்து ஜவுளிக்கடைப் பையில் வைத்தாள். "கூட்டிட்டுப் போங்க. பெத்த அப்பனைப் போகாதேன்னு சொல்ல நான் யாரு. அழுதா கொண்டாந்து விட்ருங்க. அதுல கௌரவம் பாக்காதீங்க."

செலின் அழவில்லை. பைக்கின் பெட்ரோல் டேங்கில் உட்கார்ந்து, டவுன் வரும் வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

டோனி மத்தியான ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டான். அவன் வேலைக்குப் போகும் நேரத்தில் கீழ்வீட்டு பானுப்ரியா பார்த்துக்கொண்டாள். அவளுக்கு அதற்குக் காசு கொடுத்தான். ரசம் வைக்கப் படித்தான். தலை சீவத் தெரியவில்லை; ரப்பர் பேண்டைப் போட்டு ஒன்றாகக் கட்டிவிட்டான். ஒரு பக்கம் ஏறி நின்றது. பானுப்ரியா அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினாள்.

தண்ணீர்ப் பானையை மேடையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான். சின்னத் தம்ளர் ஒன்றைப் பானை மூடிமேல் கவிழ்த்தான்.

"செலின், அப்பாவுக்குத் தண்ணி கொண்டா."

முதல் நாள் அவள் ஜன்னலைப் பார்த்தாள். இரண்டாம் நாள் பானையைப் பார்த்தாள். நான்காம் நாள் தம்ளரை முக்கி எடுத்து, பாதியைத் தரையில் சிந்தி, மீதியைக் கொண்டு வந்து நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான். "யாராவது வருவாங்க. வந்து கேப்பாங்க. அப்பயும் இதே மாதிரி குடுக்கணும். சரியா?" அவள் தலையாட்டினாள். மறுபடி போய் இன்னொரு தம்ளர் கொண்டு வந்தாள். அதையும் குடித்தான்.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. சிலிண்டர்க்காரருக்குக் கொடுத்தாள். மீட்டர் பார்க்க வந்தவருக்குக் கொடுத்தாள். பானுப்ரியாவின் மாமியார் மாடிப்படியில் தலை காட்டினாலே தம்ளரோடு நின்றாள். "என்னப்பா டோனி, புள்ளைய ஓட்டலுக்கு அனுப்பப் போறியா?" என்றாள் அந்த அம்மா. வீட்டுத் தரை எப்போதும் ஈரமாக இருந்தது. டோனி துடைத்துக்கொண்டே இருந்தான். துடைப்பது ஒருவகையில் நன்றாக இருந்தது. அதற்கு யோசிக்க வேண்டியதில்லை.

அவள் விளையாடவில்லை என்பதை அவன் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தான். மற்ற நேரமெல்லாம் பானைக்குப் பக்கத்தில், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். படுக்கச் சொன்னால் படுத்தாள். அவளும் தன்னைப் போலவே இருக்கிறாள் என்று தோன்றியது. அந்த எண்ணம் பிடிக்கவில்லை. எழுந்து போய்த் துணி துவைத்தான்.

சனிக்கிழமை காலை அவர்கள் வந்தார்கள். உடையப்பனோடு பேச்சாயி என்ற அம்மா. அறக்கட்டளைக் கமிட்டியில் இருப்பவள். கணவர் முப்பது வருசத்துக்கு முன்னால் எல்லையில் இறந்தவர் என்று உடையப்பன் சொன்னார். பேச்சாயி நாற்காலியை வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என்னா வெயிலு" என்றாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. செலின் அதற்குள் எழுந்துவிட்டாள். தம்ளரை முக்கினாள், ஓடி வந்தாள், உடையப்பனிடம் நீட்டினாள். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து தம்ளரைப் பிடுங்கினாள். திரும்ப ஓடி, பேச்சாயிக்குக் கொண்டு வந்தாள். இருவரும் குடித்தார்கள். தம்ளரை மூடிமேல் கவிழ்த்துவிட்டு, டோனியின் முன்னால் வந்து நின்றாள்.

"குடுத்துட்டேன். போலாமா?"

"எங்க தாயி போகணும்?" என்றாள் பேச்சாயி.

"அம்மாச்சி வீட்டுக்கு."

உடையப்பன் மின்விசிறியைப் பார்த்தார். அது சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

டோனிக்கு அப்போதுதான் புரிந்தது. ஆள் வருவார்கள், வந்து தண்ணீர் கேட்பார்கள் என்று அவன் தினமும் சொன்னதைப் பிள்ளை தன் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்து முடித்தால் வீட்டுக்கு விடுவார்கள். அதற்காகத்தான் சிலிண்டர்க்காரரிலிருந்து ஒருவரையும் விடாமல் கொடுத்துப் பார்த்திருக்கிறாள்.

"நான்தான் பழக்கினேன்" என்றான். "நீங்க தண்ணி கேப்பீங்கன்னு சொன்னாங்க. ரெண்டு வாரம் முன்னாடிதான் கூட்டிட்டு வந்தேன். அதுவரைக்கும் அத்தைதான் பாத்தாங்க. அவங்க எழுதுனது உண்மை."

பேச்சாயி சிரித்தாள். பல்லில்லாத சிரிப்பு. "எல்லாரும் பழக்குறதுதான். என் மாமனார் வீட்டோட வழக்கு நடந்தப்ப நானும் எம் மகனைப் பழக்குனேன். ஆளுக வந்து தண்ணி கேட்டாக. போனவன் தீப்பெட்டிய எடுத்துட்டு வந்தான். மானம் போச்சு."

உடையப்பனும் சிரித்துவிட்டார். டோனிக்கும் உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது.

"பணத்தை அத்தை பேருக்கே எழுதிருங்க" என்றான். "அவங்களுக்கு அனிஷா சம்பளம்தான் ஆதாரம். புள்ளை மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

"அப்படிப் பிரிக்க முடியாது தம்பி" என்றார் உடையப்பன். "புள்ளையில்லாத வீட்டுக்குப் பணம் குடுத்து நாங்க பட்டது போதும். ஒரு வருசம் குடுத்தோம், புள்ளை ஓட்டல்ல தட்டு கழுவிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம் போட்ட விதிதான் இது. உங்ககிட்ட இருந்தா உங்களுக்கு. அங்க இருந்தா அவங்களுக்கு. திங்கக்கிழமை கமிட்டி. அதுக்குள்ள ஒரு முடிவைச் சொல்லுங்க."

அவர்கள் போன பிறகு டோனி தரையைத் துடைத்தான். செலின் செருப்பைப் போட்டுக்கொண்டு கதவருகில் நின்றாள். இடது கால் செருப்பு வலது காலில் இருந்தது.

பிள்ளையை இங்கே வைத்துக்கொள்ளலாம். பழகிவிடும். பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பழகிவிடும். அந்தப் பக்கம் சம்பங்கி வதங்கும், இஞ்ஞாசியம்மாள் ஒற்றையாளாக டி.வி.எஸ்.ஸில் போய் வந்துகொண்டிருப்பாள். இல்லையென்றால் அங்கேயே விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை பிஸ்கட் வாங்கிப் போகலாம். பெரியவளானதும், அப்பா என்றால் பிஸ்கட் கொண்டு வந்தவர் என்று சொல்வாள். இரண்டில் எதைச் செய்யவும் பெரிய பலம் தேவையில்லை. சும்மா இருந்தால் ஏதோ ஒன்று தானாக நடந்துவிடும். ஏழு மாதமாக எல்லாம் அப்படித்தான் நடந்தது.

இரண்டு பேண்ட், நான்கு சட்டை, ஒரு போர்வை, சவரக்கத்தி. பையில் இடம் மிச்சம் இருந்தது. கீழே இறங்கும்போது வீட்டுச் சாவியை பானுப்ரியாவிடம் கொடுத்து, மாதக் கடைசியில் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லச் சொன்னான். நத்தம் ரோட்டில் ஓரமாக நிறுத்தி உடையப்பனுக்குப் போன் செய்தான்.

"அத்தை பேரை எழுதிக்கங்க. புள்ளை அங்கதான் தூங்கும்."

"நீங்க?"

"நானும் அங்கதான்."

"சரி. அடுத்த வருசம் வந்து பாப்போம்" என்றார் அவர்.

பைக் சத்தம் கேட்டு இஞ்ஞாசியம்மாள் வெளியே வந்தாள். செலின் டேங்கிலிருந்து வழுக்கி இறங்கி ஓடினாள். அவளைத் தூக்கியவள், பைக்கில் கட்டியிருந்த பையைப் பார்த்தாள். அது பிள்ளையின் பை இல்லை என்பது தெரிந்தது.

"அழுதாளா?"

"இல்ல."

"பெறகு ஏன் கொண்டாந்தீக?"

"நானும் இங்கயே இருக்கேன் அத்தை."

அவள் பிள்ளையை இறக்கிவிட்டாள். குரலைத் தாழ்த்தினாள். "என்ன பேசுறீக மாப்ளே? மக இருந்தா வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லுவாக. அதுக்கே சிரிப்பாக. இப்ப என்ன சொல்லுவாக? எனக்கு அம்பது ஆகல. கெழவின்னு விட்ருவாகன்னு நெனைக்கிறீகளா? ஊரு நாக்கு எப்படின்னு உங்களுக்குத் தெரியாது."

"வீட்டுக்குள்ள இல்ல. மோட்டார் ரூம்ல."

"அங்க பாம்பு வரும்."

"வரட்டும்."

"வெடியக்காலம் வேலைக்கு எப்படிப் போவீக?"

"பழைய ஷிப்டுக்கே மாத்திக்கிட்டு சீக்கிரம் எந்திரிப்பேன். இப்பயும் தூக்கம் வர்றதில்ல."

அவள் நின்றாள். பிறகு, கேட்க விரும்பாததைக் கேட்கிறவளாக, "அந்தப் பணம்?" என்றாள்.

"உங்க பேர்ல வரும். சொல்லிட்டேன்."

"நான் உங்கள அப்படிச் செய்யச் சொல்லல."

"இல்ல."

"எம் மக செத்ததுக்கு வர்ற காசு. அத எழுதிக் கேட்டவ நான்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தான். அழவில்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மேக்கால ரெண்டு வரிசைக்கு மூணு நாளாத் தண்ணி எட்டல. குழாய் அடைச்சுக் கெடக்கு. வாய்க்கால்லதான் விட்டுக்கிட்டு இருக்கேன்."

உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் ஒரு சாவியும் கயிற்றுக்கட்டிலின் ஒரு காலும் இருந்தன. கட்டிலைப் பின்னாலிருந்து தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் போய் மறுபக்கத்தைத் தூக்கினான். வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடந்து, மோட்டார் ரூமில் கொண்டு போய்ப் போட்டார்கள். ஒரு ஆள் படுக்கத்தான் இடம். உர மூட்டையை அவள் சுவரோரம் தள்ளினாள்.

"மூணு பேஸ் கரண்டு வந்தா இந்தச் செவப்பு லைட்டு எரியும். எரிஞ்சதும் போட்டு விடுங்க. எப்ப வரும்னு சொல்ல முடியாது. வந்தா விடக்கூடாது. போட்டுட்டு மடையத் திருப்பணும். எந்த மடைன்னு தெரியுமா?"

"தெரியாது."

"புள்ளைக்குத் தெரியும். அவளக் கேட்டுக்கங்க. நான் நார் கிழிக்கணும்."

அவள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். டோனி கட்டிலில் உட்கார்ந்து, எரியாத விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். உடம்பு முழுக்க அலுப்பாக இருந்தது. படுத்தால் தூங்கிவிடுவோமோ என்று பட்டது; அப்படிப் பட்டு வெகுநாளாகிறது. படுக்கவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது விளக்கு எரிந்தது. ஸ்விட்சைத் தள்ளினான். மோட்டார் ஒருமுறை முனகிவிட்டு ஓடத் தொடங்கியது. தொட்டியில் தண்ணீர் விழுந்தது.

சத்தம் கேட்டு வீட்டிலிருந்து செலின் ஓடி வந்தாள். அவனைத் தாண்டி வாய்க்காலுக்குப் போனாள். அவன் பின்னாலேயே நடந்தான். சம்பங்கிக்கு நடுவே நின்று திரும்பி, அவன் காலைப் பார்த்தாள்.

"செருப்பக் கழட்டு" என்றாள்.

கழற்றினான். அவள் கை காட்டிய இடத்தில் குனிந்து, கையாலேயே மடையின் மண்ணை விலக்கிவிடத் தொடங்கினான்.